டிரெய்லருக்கு பார்ட்ஸ் வாங்கறப்ப எதுல காசு மிச்சம் பண்ணலாம், எதுல கூடாது

லாரி வச்சிருக்கற சொந்தக்காரங்க, புதுசா டிரெய்லர் எடுக்கப் போறவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒண்ணுதாங்க, கம்பெனி பார்ட்ஸே போடணுமா இல்ல வெளி மார்க்கெட்ல வாங்கிக்கலாமா. எங்க வண்டிங்க நிக்கறது சங்ககிரில, லோடு பெரும்பாலும் சேலம் ஸ்டீல் பிளான்ட் காயில் (சுருட்டின எஃகுத் தகடு), இல்லாட்டி பெங்களூர் ஓசூர் பக்கம் போற மெஷின் சரக்கு, வண்டிய டிரைவர் அண்ணனுங்க பாத்துக்கறாங்க, பார்ட்ஸ் வாங்கறது பில்லு வெக்கறது எல்லாம் என் பொறுப்பு. அதனால இத எழுதியே வெச்சுடலாம்னு தோணுச்சு, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல.

வெளி மார்க்கெட்டுன்னு பொதுவா சொல்லிடறோம், ஆனா கடைல போய் நின்னா ஒரே பார்ட்டுக்கு நாலஞ்சு டப்பா எடுத்து வெப்பாங்க. வண்டி கம்பெனி பேரு போட்ட டப்பா ஒண்ணு, அதான் விலை ஜாஸ்தி. அடுத்தது, அந்த வண்டி கம்பெனிக்கே பார்ட் செஞ்சு குடுக்கறவங்க அவங்க சொந்த பேர்ல விக்கற டப்பா. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது பெரிய வசதி, ஏன்னா பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் ஃபாசனர்ஸ்னு லாரிக்கு பார்ட் செய்யற பெரிய கம்பெனிங்க பாதிக்கு மேல சென்னைல பாடி அம்பத்தூர் பக்கமே இருக்கு, சரக்கு சேலத்துக்கு தட்டுப்பாடு இல்லாம வருது. வண்டி கம்பெனில புது வண்டிக்குப் போற அதே சரக்க அவங்க டப்பால வாங்கினா விலை நல்லாவே கொறையும். என் வாங்கல்ல பாதி இந்த வகைதான். மூணாவது, வண்டி கம்பெனிக்கு சப்ளை இல்லாட்டியும் மார்க்கெட்ல பேரு எடுத்த பிராண்டு. நாலாவது பேரே இல்லாத லோக்கல். இது நாலும் நேர்மையான வியாபாரம், லோக்கல் உட்பட, அவன் லோக்கல்னு சொல்லித்தான் விக்கறான். அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, நல்ல கம்பெனி டப்பாவ அச்சு அசலா அடிச்சு உள்ள குப்பைய வெச்சு விக்கற டூப்ளிகேட், அது திருட்டு, அத கண்டுபிடிக்கறதப் பத்தி கீழ சொல்றேன்.

நான் வெச்சிருக்கற கணக்கு இதுதான். இந்த பார்ட் ஓட்டத்துல கைவிட்டா என்ன ஆகும்? வண்டி ஓரமா நின்னு போகும்னா காசு பாத்து வாங்கலாம். வண்டி நிக்காமப் போயிடும்னா, இல்ல டிரெய்லர் தனியா கழண்டுக்கும்னா, அங்க காசு பாக்கவே கூடாது.

பிரேக்குல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நம்ம ரோடு அப்படி. தர்மபுரி பக்கம் இருந்து சேலம் வர்றப்ப தொப்பூர் கணவாய் முழுக்க எறக்கம், அங்க வாரம் தவறாம ஏதாச்சும் செய்தி வருது, எல்லாரும் டிரைவரத் திட்றாங்க, டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விட்டான்னு. அது பல தடவ உண்மையும்தான், நியூட்ரல்ல விட்டா இன்ஜின் புடிச்சு நிறுத்தற பலமும் போச்சு, எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலைக்கு ஆகாது, மொத்த பாரமும் சக்கரத்தோட சுத்தற பிரேக் டிரம்மு மேல. ஆனா கியர்ல எறங்கற டிரைவருக்கும் பிரேக் புடிக்காமப் போகும், டிரம்மு உள்ள உரசி நிறுத்தற லைனிங் மட்டமா இருந்தா. டிரம் சூடேறினா விரியும், விரிஞ்சா லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், பிரேக் சேம்பர்ல (காத்தோட அழுத்தத்துல பிரேக்க தள்ளற டப்பா) இருந்து வர்ற ராடு இன்னும் நீளமா வெளிய வந்து தள்ளணும், அதே நேரம் மட்ட லைனிங்ல சூட்டுக்கு உராய்வும் கொறைஞ்சுடும், ரெண்டும் சேந்துதான் மிதிக்க மிதிக்க ஒண்ணுமே புடிக்காத நெலமை வருது. டிரம்ம கழட்டிப் பாத்தா உள்பக்கம் அங்கங்க நீலம் பாஞ்சு இருக்கும், மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடியிருக்கும், லைனிங் மேல கை வெச்சா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். அத உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு மறுபடி மாட்டச் சொல்ற ஆளுங்க இருக்காங்க, மாட்டாதீங்க.

லைனிங் வாங்கறப்ப இன்னொரு விஷயம், ஒரு ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி ஒரே கிரேடு போடணும், ஒரு பக்கம் நல்லது ஒரு பக்கம் லோக்கல்னா மிதிச்ச உடனே ஒரு பக்கமா இழுக்கும். அதே மாதிரி முன்னாடி இழுக்கற ஹார்ஸுக்கு மட்டும் நல்ல லைனிங் போட்டுட்டு, டிரெய்லருக்கு எது கெடைச்சா என்னன்னு போடறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம். டிரெய்லர்தானே சும்மா பின்னாடி வருதுன்னு நெனைக்கறாங்க. காயில் லோடு ஏத்தின டிரெய்லர் சரியா புடிக்கலைன்னா அது ஹார்ஸ முட்டித் தள்ளும், ஹார்ஸ் டிரம்முங்க ரெண்டு மடங்கு வேலை செஞ்சு சீக்கிரம் எரியும், ஈர ரோட்டுல வண்டி மடங்கிக்கும். எங்க வண்டில டிரெய்லர் லைனிங்கும் ஹார்ஸ் லைனிங்கும் ஒரே தரம்தான், அதுல மாத்துப் பேச்சே கெடையாது. ஏற்காடு மலைல இருந்து காப்பி மூட்டை எறக்கற ஆறு சக்கர வண்டி வெச்சிருக்கற என் சித்தப்பா பையனுக்கும் இதத்தான் சொன்னேன், 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்கற ரோடு, அங்க பட்ஜெட் லைனிங்குக்கு எடமே இல்ல.

பிரேக் சேம்பர்ல ஒரு நம்பர் இருக்கும், 24, 30ன்னு. உள்ள இருக்கற டயாஃப்ரம் எத்தன சதுர இஞ்சுங்கறதுதான் அந்த நம்பர். 30 இருக்கற எடத்துல 24 மாட்டினா பாக்க ஒண்ணும் தெரியாது, ஆனா அதே காத்துக்கு தள்ளற பலம் அஞ்சுல ஒரு பங்கு கம்மி. கடைல "எல்லாம் ஒண்ணுதான் அம்மிணி, போல்ட்டு ஒத்துக்கும்"னு சொல்வாங்க, போல்ட்டு ஒத்துக்கறது முக்கியமில்லீங்க, நம்பர் ஒத்துக்கணும். ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் வெச்ச சேம்பரா இருந்தா, அத பட்டறைல பையனுங்க சும்மா கழட்ட விடாதீங்க, உள்ள அமுக்கி வெச்ச ஸ்பிரிங் நூத்துக்கணக்கான கிலோ விசையோட வெளிய பறக்கும், ஆளையே அடிச்சுடும். பழசான லைனிங் தூசிய ஏர் அடிச்சு ஊதறதும் வேண்டாம், பழைய லைனிங் பலதுல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு, அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா பல வருசம் கழிச்சு புத்துநோயாக்கூட வரும். ஈரத் துணி வெச்சு தொடைக்கச் சொல்லுங்க.

அடுத்தது ஃபிஃப்த் வீலும் (ஹார்ஸ் மேல டிரெய்லர் உக்கார்ற தட்டு) அதுக்குள்ள பூட்டிக்கற டிரெய்லரோட கிங் பின்னும். ஹார்ஸையும் டிரெய்லரையும் புடிச்சுக்கிட்டு இருக்கறது அந்த ஒத்தக் கம்பிதான். 2 இஞ்ச் கிங் பின் புதுசுல 50.8 மில்லி, 49 மில்லிக்குத் தேஞ்சுட்டா மாத்தணும், அவ்வளவுதான் அதோட கணக்கு. ரெண்டு மில்லி கூட இல்ல பாருங்க. கண்ணால பாத்து சொல்ல முடியாது, கேஜ் இல்லாட்டி வெர்னியர் வெச்சு அளக்கணும், எங்க மேஸ்திரி ஒவ்வொரு சர்வீஸ்லயும் கிரீஸத் தொடைச்சுட்டு மேல கீழ ரெண்டு எடத்துல, குறுக்க ஒரு தடவ நெடுக்க ஒரு தடவ அளப்பாரு, ஏன்னா தேய்மானம் வட்டமா வராது, இழுவை விழற பக்கம் மட்டும் முட்டை வடிவமாத் தேயும். தேஞ்ச பின்ன வெல்டிங் வெச்சு நிரப்பித் தரேன்னு யாராச்சும் சொன்னா அந்த எடத்த விட்டு வந்துடுங்க. பின், ஜாயின்ட் பூட்டு, பூட்டுக்குள்ள தேய்மானத்தத் தாங்கற வேர் ரிங், அந்த பிளேட்ட புடிச்சிருக்கற போல்ட்டு எல்லாமே பேரு உள்ள சரக்கா இருக்கட்டும். போல்ட்டு தலைல 8.8, 10.9ன்னு பொறிச்சிருக்கும், பழசுல என்ன நம்பரோ அதே நம்பர். கமான் பட்டைய ஆக்ஸிலோட சேத்துப் புடிக்கற யூ போல்ட்ட ஒரு தடவ கழட்டிட்டா புதுசு போடணும், கமான் பட்டை மாத்திட்டு ஒரு லோடு ஓடினதும் மறுபடி டைட் வெக்கணும், இத பட்டறைல சொல்லி விடுவாங்க, நாமதான் கேக்காம விட்டுடுவோம்.

ஃபில்டர் சின்ன ஐட்டம்தான், ஆனா இதுல நான் கொஞ்சம் நின்னு பேசுவேன். ஒரு நாள் மேஸ்திரிகிட்ட கேட்டு, ஒரே வண்டிக்கு வர்ற ரெண்டு டீசல் ஃபில்டர, ஒண்ணு பேரு உள்ளது ஒண்ணு லோக்கல், ரெண்டையும் கட்டிங் மெஷின்ல குறுக்க அறுத்துப் பாத்தோம். நல்லதுல காகித மடிப்பு நெருக்கமா, ஒரே சீரா, விரல் விட்டு விரிச்சாலும் பழைய எடத்துக்கே வருது, ரெண்டு ஓரத்துலயும் பசை முழுசா புடிச்சிருக்கு. லோக்கல்ல மடிப்பு எண்ணிக்கை பாதிதான் இருக்கும் போல, ஒரு எடத்துல மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு, ஓரத்துல பசை விட்டுப் போயி வெளிச்சத்துல புடிச்சா ஓட்டை தெரியுது. அந்த ஓட்டை வழியா வடிகட்டாத டீசல் நேரா உள்ள போகும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டில அது எப்படியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, இப்ப காமன் ரெயில் வண்டில 1600 பாருக்கு மேல அழுத்தத்துல இன்ஜெக்டர் வேலை செய்யுது, அதுல கண்ணுக்குத் தெரியாத தூசி போனாலே கதை முடிஞ்சது. ஃபில்டர்ல மிச்சம் புடிக்கற காச விட இன்ஜெக்டர் செட்டு விலை எத்தன மடங்குன்னு உங்க பட்டறைல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

பிஎஸ் 6 வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்தது வெச்சிருந்தா ஆயிலும் யூரியாவும் இதே கதைதான். டிபிஎஃப் (பொகைல இருக்கற கரிய புடிக்கற ஃபில்டர்) இருக்கற வண்டிக்கு சாம்பல் கம்மியா விடற சிகே 4 ஆயில்தான் ஊத்தணும். பொகைய சுத்தம் பண்ண சைலன்சர்ல தெளிக்கற டிஇஎஃப்ங்கறது 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி. வயலுக்குப் போடற யூரியாவ பைப்புத் தண்ணில கரைச்சு கேன்ல ஊத்தி விக்கறாங்க, அதுல இருக்கற உப்பு டோசிங் நாசில்ல கல்லா கட்டிக்கும், சைலன்சர்ல இருக்கற கேட்டலிஸ்ட்டும் பாழாகும். யூரியாவே வேண்டாம், இந்த டப்பாவ வயரிங்ல மாட்டுங்க வண்டி கேக்காதுன்னு ஒரு எமுலேட்டர் விக்கறாங்களே, அது சட்டப்படி தப்பு, அதையும் தாண்டி அந்தப் பொகைய சுவாசிக்கறது நம்ம ஊருப் புள்ளைங்கதான. என் வண்டில அதுக்கு எடமில்லைன்னு டிரைவருங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவேன்.

லைட்டுக்கு வர்றேன். 24 வோல்ட் எச் 4 பல்பு கம்பெனில இருந்து 75/70 வாட் வருது. ராத்திரி ரோடு தெரியலைன்னு 100 வாட், அதுக்கும் மேல போடறாங்க, ஹோல்டர் உருகுது, ரிஃப்ளெக்டர் கருகுது, வயர் சூடாகி கேபின்ல நாத்தம் வருது. ரோடு தெரியாததுக்கு முக்காவாசி காரணம் மங்கின ரிஃப்ளெக்டரும் துருப்புடிச்ச எர்த்தும்தான், அத சரி பண்ணி ரிலே வெச்சு நல்ல வயர் இழுத்தா அதே 75 வாட் பளிச்சுன்னு எரியும். எச் 4 லைட்டுக்குள்ள எல்இடி பல்ப சொருகறது இன்னும் மோசம், வெளிச்சம் ரோட்டுல விழறதுக்குப் பதிலா எதிர்ல வர்றவங்க கண்ணுல விழுது. மேல வரிசையா லைட்டு கட்டணும்னு ஆசைப்படற டிரைவர்கிட்ட ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன், ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர்னா மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் வாட், 100 வாட் லைட்டு நாலு போட்டா அதுவே 17 ஆம்பியர் கிட்ட தின்னுடும், மிச்சத்துலதான் ஹெட்லைட்டு, வைப்பர், டிரெய்லர் லைட்டு, பேட்டரி சார்ஜ் எல்லாம். பேட்டரின்னு வந்துட்டதால சொல்றேன், ரெண்டு 12 வோல்ட்டையும் ஒண்ணாத்தான் மாத்தணும், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா புதுசும் சீக்கிரமே படுத்துடும்.

ஏர் ஹாரன், அதுலயும் ராகம் பாடற ஹாரன் எனக்கு சுத்தமா புடிக்காது, பல சுருதில சத்தம் போடற ஹாரன மோட்டார் வாகன விதியே தடை பண்ணுது. முன்னாடி கட்டற இரும்பு புல் பார் 2017லயே கூடாதுன்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாம செய்யற ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு, அதுவும் வண்டி ஓனருக்கு. இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல இதக் காட்டி இழுத்தடிக்கறதும் நடக்குது.

ஆனா அதே காசுல வாங்க வேண்டிய ரெண்டு ஐட்டத்த யாரும் ஆசையா வாங்கறதில்ல. ஒண்ணு ஒட்டற ரிஃப்ளெக்டர் டேப், முன்னாடி வெள்ளை, சைடுல மஞ்சள், பின்னாடி சிவப்பு. எஃப்சி அன்னைக்கு மட்டும் பளபளன்னு இருந்துட்டு ரெண்டு மழைக்கு உரிஞ்சு வர்ற டேப்ப வாங்காதீங்க, நல்ல டேப்புல தர முத்திரை டேப்பு மேலயே அச்சடிச்சு வரும். இன்னொண்ணு பின்னாடி கீழ வர்ற அண்டர்ரன் கம்பி. தரைல இருந்து 550 மில்லிக்கு மேல போகக் கூடாது. கூண்டு கட்டற பட்டறைல கணக்குக்கு ஒரு மெல்லிசு பைப்ப வெல்டு வெச்சு குடுப்பாங்க, கார் ஒண்ணு வந்து முட்டினா அது தீக்குச்சி கணக்கா ஒடிஞ்சு கார் அடில போயிடும், போனா முன் சீட்ல இருக்கறவங்க தலை மட்டத்துக்கு நம்ம சேசிஸ் வரும். அந்தக் கம்பி நம்ம வண்டிய காப்பாத்தறதுக்கு இல்ல, யாரோ ஒரு குடும்பத்துக்காக நாம மாட்டறது, அதுல கெட்டி சரக்கு போடுங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

டிரைவர் கேக்கறதையும் வாங்கிக் குடுங்க. எங்ககிட்ட ரொம்ப நாளா ஓட்டற அண்ணன்கிட்ட, வண்டிக்கு உள்ள என்ன வேணும்ணான்னு கேட்டேன், ஏதோ செட்டு, ஸ்பீக்கர் சொல்வாருன்னு நெனச்சா, "பாட்டு இல்லைன்னாலும் ஓட்டிருவேன் அம்மிணி, சீட்டு மட்டும் நல்லதா போட்டுக் குடு, கிருஷ்ணகிரி தாண்டறதுக்குள்ள இடுப்பு செத்துப் போகுது"ன்னாரு. உடனே ஏர் சஸ்பென்ஷன் சீட்டு போட்டோம், அவரு எடைக்கு ஏத்த மாதிரி குமிழ திருகி வெச்சுக்கலாம். 2025ல இருந்து கம்பெனில இருந்து வர்ற பெரிய லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆயிடுச்சு, ரொம்ப சந்தோசம், சித்திரை வெயில்ல இன்ஜின் சூடும் சேந்து அந்தக் கேபின்ல உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். பழைய வண்டிக்கு வெளில ஏசி போடறதா இருந்தா, கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டுல ஓடறதா இல்ல பேட்டரில ஓடறதான்னு கேட்டுக்கங்க, பேட்டரின்னா மேல சொன்ன ஆல்டர்னேட்டர் கணக்க முதல்ல போடுங்க. குருட்டு எடம் காட்டற குவிகண்ணாடி, ரிவர்ஸ் கேமரா இதெல்லாம் பெரிய விலை இல்ல, தாராளமா போடலாம். கண்ணாடிக்கு மேல பாதி மறைக்கற ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். சாமி படம், எலுமிச்சம்பழம், மல்லிச் சரம் எல்லாம் வெக்கட்டும், பார்வைய மறைக்காம ஓரமா வெக்கட்டும்.

மட் ஃப்ளாப், சீட் கவர், டூல் பாக்ஸ், தார்ப்பாய்க் கயிறு, டீசல் டேங்க் பூட்டு, கேபின் ஃபேன், இதுக்கெல்லாம் லோக்கலே போதும், சேலத்துலயே நல்லா செய்யறாங்க. டயர்ல முன் சக்கரத்துக்கு ரீட்ரேட் (பழைய டயர் மேல புது ரப்பர் ஒட்டினது) வேண்டாம், பின்னாடியும் டிரெய்லருக்கும் அடில இருக்கற பழைய டயர், அதாவது கேசிங் நல்லதா இருந்தா ரீட்ரேட் தாராளமா ஓட்டலாம், ஜோடி டயர் ரெண்டும் ஒரே உயரமா இருக்கணும்.

கடைக்குப் போறப்ப சேசிஸ் நம்பர் போட்டோவும் பழைய பார்ட்டும் கைல இருக்கணும், ஒரே மாடல்லயே வருசத்துக்கு வருசம் பார்ட் நம்பர் மாறுது. டப்பால ஹாலோகிராம், எம்ஆர்பி, க்யூஆர் கோடு இருந்தா கடைக்காரர் முன்னாடியே ஸ்கேன் பண்ணுங்க, நல்ல கடைக்காரர் கோவப்பட மாட்டாரு. அச்சு மங்கல், எழுத்துப் பிழை, பார்ட்டுல பொறிச்ச நம்பரும் டப்பா நம்பரும் வேற வேற, விலை மட்டும் பாதி, இதுல ஒண்ணு இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க. காலியான டப்பாவ கிழிச்சுத்தான் போடணும், முழுசா வீசினா அதே டப்பால டூப்ளிகேட் சரக்கு திரும்பி வரும். பில்லு கட்டாயம் வாங்குங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து எல்லா ஆட்டோ பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முன்னாடி பலதுக்கு 28 இருந்துச்சு, பில்லு இல்லாம வாங்கற ஆசைய விட இப்பவே நல்ல நேரம். பில்லு இல்லைன்னா வாரண்டி கேட்டு ஒருத்தன் முன்னாடியும் நிக்க முடியாது.

கடைசியா, வண்டிலயே ஒரு சின்ன பொட்டி வெச்சு விடுங்க. ஃபேன் பெல்ட் ஒண்ணு, டீசல் ஃபில்டர் ஒண்ணு, ஃப்யூஸ், பல்பு, டிரெய்லருக்குப் போற சுருள் ஏர் ஹோஸ் ஒரு ஜோடி, ஹோஸ் மாட்டற பால்ம் கப்ளிங்குக்கு ரெண்டு ரப்பர் சீல். அந்த ரப்பர் ரொம்ப சல்லிசு, அது கிழிஞ்சா காத்து எறங்கி டிரெய்லர் பிரேக் புடிச்சுக்கும், வண்டி நகராது, ராத்திரி நேரத்துல எந்த ஊர்லயும் அதுக்கு கடை தொறந்திருக்காது.